மருந்துக்கு மசியாத தோல் தொற்றுக்குத் தாவரச் சாறு போதுமா?

கேள்வி இதுதான்: "கட்டியிலிருந்து எடுத்த சீழைச் சோதித்ததில் எம்ஆர்எஸ்ஏ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இந்தக் கிருமியை இந்தச் செடி கொல்கிறது, அந்தச் செடி கொல்கிறது என்று ஆய்வுச் செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக அவற்றில் ஒன்றைப் பூசிப் பார்க்கலாமா? அவ்வளவு நன்றாக வேலை செய்கிறதென்றால் ஏன் இன்னும் மருந்தாக வரவில்லை?"

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக வேண்டாம். இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில், அந்தச் செய்திகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கொஞ்சம் தெரியும்.

முதலில் கிருமியைப் பற்றி. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப், ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. தோலில் ஒரு கீறல் விழுந்தாலோ, மயிர்க்கால் வழியாக உள்ளே போக வழி கிடைத்தாலோ கட்டியாக, கொப்புளமாக மாறுகிறது. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அதை உடைக்கும் நொதியோடு இந்தக் கிருமி மருத்துவமனைகளில் பரவிவிட்டது. அந்த நொதியால் உடைக்க முடியாத மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இல் பிரிட்டனில் அதற்கும் அடங்காத கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃப். இந்தத் தடவை கிருமி மருந்தை உடைக்கவில்லை. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாம் கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்துபவை. எம்ஆர்எஸ்ஏவிடம் உள்ள மெக்ஏ என்ற மரபணு, அதே வேலையைச் செய்யும் வேறொரு புரதத்தை உருவாக்கிக்கொள்கிறது. அதில் இந்த மருந்துகள் சரியாக ஒட்டுவதில்லை. சுவர் எழும்பிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாக வேண்டும். எம்ஆர்எஸ்ஏ என்றதும் 'எந்த மருந்தும் கேட்காது' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எஸ் (கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும்) அல்லது ஆர் (கட்டுப்படாது) என்று போட்டிருப்பார்கள். பெனிசிலின் குடும்பம் பெரும்பாலும் ஆர் வரிசையில் இருக்கும். ஆனால் டாக்ஸிசைக்ளின், கோட்ரைமாக்ஸசோல், கிளிண்டாமைசின், வான்கோமைசின், லினெசோலிட் போன்றவற்றில் சிலவாவது எஸ் வரிசையில் இருப்பதுதான் வழக்கம். 'வேறு வழியே இல்லை, அதனால் செடியைத் தேடுகிறேன்' என்ற நிலைமை தோல் கட்டி வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான்.

அடுத்தது, மருந்தைவிட முக்கியமான விஷயம்: சீழ். தோலுக்கடியில் சீழ் தேங்கிய கட்டிக்கு முதல் சிகிச்சை, மருத்துவர் கீறி அந்தச் சீழை வெளியேற்றுவதுதான். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், எல்லோருக்கும் சீழை எடுத்துவிட்டு, ஒரு பாதிக்குக் கோட்ரைமாக்ஸசோலும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 80.5 சதவீதம் பேருக்குக் குணமானது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 73.6 சதவீதம். சிறிய கட்டிகளை மட்டும் வைத்து நடந்து அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் மருந்துக்கு 82 சதவீதத்துக்குப் பக்கம், போலி மாத்திரைக்கு 69 சதவீதத்துக்குப் பக்கம். ஆக, ஆன்டிபயாடிக்கால் பலன் உண்டு. அதே சமயம் சீழ் வெளியேறிவிட்டால், ஒன்றுமே தராவிட்டாலும் பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சரியாகிவிடுகிறது.

இந்த ஏழு பேரை மறக்காதீர்கள். பழுத்துத் தானாக உடைந்த கட்டியின் மேல் யார் எந்த இலையை அரைத்துப் போட்டாலும் ஏழு பேர் 'போட்டேன், ஆறிவிட்டது' என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இலை என்ன செய்தது என்பது அதிலிருந்து தெரியவே தெரியாது. மீதி மூன்று பேர் எழுதுவதும் இல்லை.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். செய்திகளில் வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: வட்டமான தட்டில் வெளிறிய மஞ்சள் நிற அகார், அதாவது கிருமி வளர்க்கும் ஜெல்லி. கிருமி கலந்த கரைசலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து, தட்டைத் திருப்பித் திருப்பி மூன்று வாக்கில் தேய்ப்போம். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வட்டுகளில் சாற்றை ஊறவைத்து மேலே வைத்து, 35 டிகிரி சூட்டில் இரவு முழுக்க விட்டுவிடுவோம். காலையில் எடுத்தால் தட்டெங்கும் கிருமி வெள்ளைப் படலமாகப் படர்ந்திருக்கும். வட்டைச் சுற்றி மட்டும் எதுவும் வளராத தெளிவான வளையம். பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். புதிதாக வரும் மாணவர்கள் அந்த வளையத்தைப் பார்த்ததும் மருந்து கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஃபோனை எடுத்துப் படம் பிடிப்பார்கள்.

ஆனால் ப்ளீச்சிங் பவுடர் கரைசலை வைத்தாலும் அங்கே வளையம் வரும். சாற்றை எடுக்கப் பயன்படுத்திய மெத்தனால் சரியாக ஆவியாகாமல் தங்கியிருந்தாலும் வரக்கூடும். அதனால்தான் வெறும் கரைப்பானை மட்டும் ஊறவைத்த வட்டு ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். அது இல்லாத ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. வளையத்தின் அகலமும் ஏமாற்றும். நீரில் எளிதாகக் கரையும் பொருள் அகாரில் தூரம் பரவிப் பெரிய வளையம் காட்டும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் நல்ல வீரியமுள்ளதாக இருந்தாலும் வட்டை விட்டு நகராமல் சின்ன வளையத்தோடு நின்றுவிடும். இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து 'இது அதைவிடச் சிறந்தது' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கேட்க வேண்டிய எண் வேறு. கிருமியின் வளர்ச்சியை நிறுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவை என்பது. வான்கோமைசின் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்து ஸ்டாஃபை நிறுத்தினால்தான் அந்தக் கிருமியை 'மருந்துக்குக் கட்டுப்படுவது' என்று வகைப்படுத்துவோம். தாவரச் சாறு என்றால் அதில் நூறு பொருள் கலந்திருக்கும் என்பதால் சலுகை கொடுத்து, 100 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால் கவனிக்கத் தகுந்தது என்பது துறையில் பலர் வைத்திருக்கும் அளவுகோல். வெளியாகும் கட்டுரைகளில் ஏராளமானவை ஆயிரத்துக்கு மேல், பல ஆயிரங்களில் நிற்கின்றன. அந்த அடர்த்தியில் தோல் செல்களும் சாகலாம். தலைப்பில் மட்டும் 'எம்ஆர்எஸ்ஏவைக் கொல்லும் செடி' என்று வந்துவிடும்.

இந்தத் தேர்வில் உண்மையிலேயே தேறுபவையும் உண்டு. ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம் என்ற செடியில் உள்ள ஹைபர்ஃபோரின் ஒரு மைக்ரோகிராம், அதற்கும் குறைவான அளவிலேயே எம்ஆர்எஸ்ஏவை நிறுத்துகிறது. ரோடோமிர்டஸ் டோமென்டோசா இலையிலிருந்து தாய்லாந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ரோடோமிர்டோனும் வான்கோமைசினுக்குச் சமமாக நிற்கக்கூடியது. அப்படியானால் ஏன் மருந்தாகவில்லை என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஹைபர்ஃபோரின் வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதைந்துவிடும். இப்படிக் கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளில் பலவும் நம் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அதே சோதனையில் கொஞ்சம் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கலந்தாலே வீரியம் சரிந்துவிடும். சீழும் புண்ணில் கசியும் நீரும் புரதம் நிறைந்தவை. தட்டில் ஜெயித்தது புண்ணில் தோற்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், வான்கோமைசின் இவையெல்லாம் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் தயாரித்தவை. தோலில் பூசும் முபிரோசினும் சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்ற பாக்டீரியா தந்ததுதான். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிருமியை ஒரே பொருளால் தீர்த்துக்கட்டுவது அவற்றின் பிழைப்பு. செடி அப்படிச் செய்வதில்லை. தனித்தனியே பார்த்தால் சுமாராக இருக்கும் பல பொருள்களைச் சேர்த்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆய்வு இதைத்தான் காட்டியது. பெர்பெரிஸ் வகைச் செடிகளில் பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டு. கிருமிக்கு ஆகாத பொருள்தான், ஆனால் ஸ்டாஃப் மேல் தனியாகப் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வரும் பெர்பெரினை நார்ஏ என்ற பம்ப் புரதத்தால் கிருமி வெளியே தள்ளிவிடுகிறது. ஃப்ராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அதே செடியில் 5'-மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருள் இருப்பதைக் கண்டார்கள். அதற்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் திறன் கிடையாது. ஆனால் அந்தப் பம்பை அடைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் பெர்பெரின் உள்ளேயே தங்கி வேலையைக் காட்டுகிறது.

அற்புதமான விஷயம்தான், ஆனால் மருந்து செய்பவருக்குத் தலைவலியும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பொருளை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்தால் வீரியம் போய்விடுகிறது. பிரிக்காமல் முழுச் சாறாக வைத்துக்கொண்டால் இந்தப் பாட்டிலில் இருப்பதுதான் அடுத்த பாட்டிலிலும் இருக்கிறது என்று உறுதி சொல்ல முடிவதில்லை. பறித்த பருவம், மண், உலர்த்திய விதம், ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு எல்லாமே கலவையை மாற்றும்.

ஆயிரம் ஆண்டுப் பழைய ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்றில் இருந்த கண் மருந்தை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தயாரித்துப் பார்த்தது 2015-இல் பெரிய செய்தியானது. பூண்டு, வெங்காய வகை ஒன்று, ஒயின், மாட்டின் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது இரவு வைத்திருக்கச் சொல்கிறது சுவடி. அது எம்ஆர்எஸ்ஏவைக் கொன்றது. 2020-இல் வெளியான தொடர் ஆய்வு இன்னும் சுவாரசியம். தனித்தனியாக நீந்தும் கிருமிகளைக் கொல்லப் பூண்டே போதுமாக இருந்தது. ஆனால் கிருமிகள் ஒன்றுசேர்ந்து பசைபோல் படர்ந்து உட்காரும் பயோஃபிலிமை அசைக்க எல்லாப் பொருள்களும் சேர்ந்தே தேவைப்பட்டன. நாள்பட்ட புண்களில் நமக்குச் சிக்கல் தருவது இந்தப் பயோஃபிலிம்தான். கூட்டுக் கலவைகளை எளிதில் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதை நல்ல ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டில் அரைத்துப் புண்ணில் வைத்துக்கொள்வதற்கு அது ஆதாரமாகாது.

கொல்வதை விட்டுவிட்டு வேறு வழியில் போகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கசாண்ட்ரா குவேவ் குழு ஐரோப்பியச் செஸ்ட்நட் மர இலைச் சாற்றை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டது. ஸ்டாஃப் கிருமிகள் ஏஜிஆர் என்ற ஏற்பாட்டின் மூலம் ஒன்றுக்கொன்று சிக்னல் அனுப்பிக்கொண்டு, போதுமான கூட்டம் சேர்ந்ததும் நச்சுகளைக் கக்குகின்றன. இந்தச் சாறு அந்தச் சிக்னலைத் தடுக்கிறது. கிருமி சாவதில்லை. நச்சு மட்டும் வருவதில்லை. எலிகளின் தோலில் புண் சிறிதானது. 15 நாள் தொடர்ந்து சாற்றோடு வளர்த்தும் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. தோலில் இயல்பாக வாழும் மற்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் கெடுக்கவில்லை. 2017-இல் ஸ்கைனஸ் டெரிபிந்திஃபோலியா என்ற பிரேசில் மிளகு மரத்தின் பழத்திலும் இதே குழு இதே மாதிரி விளைவைக் கண்டது. செஸ்ட்நட்டில் வேலை செய்யும் மூலக்கூறுகளில் ஒன்றைப் பிற்பாடு பிரித்து காஸ்டனராக்ஸி ஏ என்று பெயரும் வைத்தார்கள்.

தாவரங்களிடமிருந்து தோல் தொற்றுக்கு ஏதாவது வருமானால் இந்தப் பக்கமிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு: கிருமியை நிராயுதபாணியாக்கும் பொருள், அல்லது பழைய ஆன்டிபயாடிக்கை மறுபடி வேலை செய்யவைக்கும் துணைப்பொருள். கிரீன் டீயில் உள்ள எபிகேட்டச்சின் கேலேட் எம்ஆர்எஸ்ஏவை மறுபடி பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்குப் பணியவைக்கிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். ஆனால் எலிச் சோதனைகளைப் படிக்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சாற்றை எப்போது கொடுத்தார்கள்? கிருமியைச் செலுத்திய அதே நேரத்தில் கொடுப்பது ஒன்று. நான்கு நாள் கழித்து வீங்கிச் சீழ் வைத்த பிறகு கொடுப்பது முற்றிலும் வேறு. மனிதர் மருத்துவரிடம் வருவது இரண்டாவது கட்டத்தில். தவிர, நிராயுதபாணியான கிருமியை அப்புறப்படுத்த உடம்பின் எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் கீமோதெரபி எடுப்பவருக்கும் அதுதானே குறை.

மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட தாவரப் பொருள் என்றால் டீ ட்ரீ எண்ணெய்தான் முதலில் நினைவுக்கு வரும். மெலலூகா ஆல்டர்னிஃபோலியா இலையிலிருந்து வடித்தது, முக்கியப் பொருள் டெர்பினென்-4-ஆல். 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் எம்ஆர்எஸ்ஏ குடியேறிய 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளில், ஒரு பிரிவுக்கு 10 சதவீத டீ ட்ரீ க்ரீமும் 5 சதவீத உடல் கழுவும் திரவமும், மறு பிரிவுக்கு முபிரோசின், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஆகியவை அடங்கிய வழக்கமான முறையும் தந்தார்கள். டீ ட்ரீ பிரிவில் 41 சதவீதம் பேரிடம் கிருமி நீங்கியது, வழக்கமான பிரிவில் 49 சதவீதம். மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மூக்கை மட்டும் எடுத்தால் முபிரோசின் 78, டீ ட்ரீ 47. 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை டீ ட்ரீ திரவத்தாலும் சாதாரண பேபி சோப்புத் திரவத்தாலும் கழுவி ஒப்பிட்டார்கள். புதிதாக எம்ஆர்எஸ்ஏ தொற்றிக்கொள்வதைத் தடுப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. இரண்டுமே தோலில் குடியிருக்கும் கிருமியைப் பற்றிய ஆய்வுகள் என்பதையும் கவனியுங்கள். சீழ் வைத்த கட்டிக்கு அது வேறு கணக்கு.

'மருந்து நிறுவனங்கள் வேண்டுமென்றே மறைக்கின்றன' என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2006-இலேயே கிரீன் டீ கேட்டச்சின்கள் கொண்ட களிம்பைப் பிறப்புறுப்பு மருக்களுக்கு அனுமதித்தது. பிர்ச் மரப்பட்டைச் சாற்றிலிருந்து செய்த ஜெல், தோல் தொட்டாலே உரியும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பரம்பரை நோயின் புண்களுக்கு 2022-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இரண்டும் தாவரக் கலவைகள், இரண்டும் தோலில் பூசுபவை. ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. பாக்டீரியா தொற்றுக்கு மட்டும் அந்த அளவு சான்றோடு ஒன்றும் வரவில்லை. பணமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது செடிக்கு மட்டுமான சாபமில்லை: அக்காவோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018-இல் அனுமதி வாங்கி, அடுத்த ஆண்டே திவாலானது.

அப்புறம், 'இயற்கைதானே, பூசினால் என்ன கெட்டுவிடும்' என்பது. பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டி, தோல் வெந்து கொப்பளித்து வந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. திறந்து நாளான டீ ட்ரீ எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறுகிறது. எலுமிச்சை இனச் சாறுகளில் உள்ள ஃபுரனோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். அரைத்த இலையிலும் வேரிலும் மண் வழியாக டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம், திறந்த புண்ணில் அதை அப்புவது வம்பை விலைக்கு வாங்குவது. மஞ்சளோ பச்சையோ நிறமேறிய தோலில் சிவப்பு பரவுவதும் கண்ணுக்குத் தெரியாது. செடிக்குக் கிருமி பழகாது என்பதும் தவறு. பெர்பெரின் பட்டதும் சில ஸ்டாஃப் வகைகள் கியூஏசிஏ என்ற பம்பை முடுக்கிவிடுகின்றன. மருத்துவமனையில் பயன்படுத்தும் கிருமிநாசினிகள் சிலவற்றையும் அதே பம்ப்தான் வெளியே தள்ளுகிறது.

திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவர் என்றால் அவர் உடம்பிலேயே கிருமி தங்கியிருக்கலாம். அதை நீக்கக் குளோர்ஹெக்சிடின் குளியல், மூக்குக்கு முபிரோசின் என்ற முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில் எம்ஆர்எஸ்ஏ தொற்று 30 சதவீதம் குறைந்தது. ஒருவருக்குக் குளோர்ஹெக்சிடின் ஒத்துக்கொள்ளவில்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால், கிழியாத தோலுக்கு 5 சதவீத டீ ட்ரீ கழுவும் திரவத்தை நான் ஆட்சேபிக்க மாட்டேன். இன்றைக்குத் தாவரப் பொருளுக்கு நான் கொடுக்கும் இடம் அவ்வளவுதான்.

சிவப்பு மணிக்கணக்கில் பரவுகிறது, காய்ச்சலோ நடுக்கமோ வருகிறது, பார்க்கும் புண்ணுக்குப் பொருந்தாத அளவு வலி இருக்கிறது, தோல் கறுக்கிறது, கட்டி மூக்கிலோ மேலுதட்டிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ இருக்கிறது, வந்திருப்பது கைக்குழந்தைக்கு அல்லது சர்க்கரை நோயாளிக்கு என்றால், எதையும் பூசிப் பார்க்கும் நேரமில்லை. அன்றைக்கே போக வேண்டும். செல்லுலைட்டிஸ் போலத் தோலின் ஆழத்தில் பரவும் தொற்றுக்கு மேலே எதைப் பூசினாலும் எட்டாது.

ஏற்கெனவே ஏதாவது பூசியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். புண்ணின் மேலிருக்கும் பசையைப் பஞ்சில் ஒற்றி அனுப்பினால் எங்கள் தட்டில் கிருமி சரியாக வளராமல் போகலாம், அல்லது இலையோடு வந்த வேறு கிருமி வளர்ந்து குழப்பலாம். சொன்னால், இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளிருந்து சீழை ஊசியில் இழுத்து அனுப்புவார்கள்.